நாசியா ஹசன்

நாசியா ஹசன் (ஏப்ரல் 3, 1965 - ஆகஸ்ட் 13, 2000) பாகிஸ்தானைச் சேர்ந்த பாப் இசைப் பாடகி ஆவார். 1980 ஆம் ஆண்டு வெளிவந்த குர்பானி என்னும் இந்தித் திரைப்படத்தில் ஒரேயொரு பாடலைப் பாடியதன் மூலம் இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் அறியப்பட்டார். அப்போது அவருக்கு வயது 15. அதற்கு அடுத்த ஆண்டில், தம்பி சொஹேப் ஹசனுடன் இணைந்து பாடிய டிஸ்கோ தீவானே என்னும் அவரது முதல் இசைத்தொகுப்பு வெளியானது. திரைப்படத்தைச் சாராத பாடல்களையும் மக்கள் பெருந்தொகையில் விலை கொடுத்து வாங்குவர் என்பதை இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மெய்ப்பித்துக் காட்டிய தொகுப்பாக இது கருதப்படுகிறது.

நாசியா தம் வாழ்நாளில் ஐந்து இசைத்தொகுப்புகளை மட்டுமே வெளியிட்டார். 1992 க்குப் பின் அவர் புதிய தொகுப்பு எதனையும் வெளியிடவில்லை. இசையுடன் வணிகவியலும் சட்டமும் பயின்ற இவர், நியூயார்க்கிலுள்ள ஐக்கிய நாடுகள் அவையின் தலைமையகத்தில் சில காலம் பணியாற்றினார். போதைப்பொருளுக்கு எதிரான பணிகளிலும் ஏழைக் குழந்தைகளுக்கான பணிகளிலும் ஈடுபட்டார். நுரையீரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டு, 35 ஆவது வயதில் இலண்டனில் காலமானார்.

பிறப்பும் இளமையும்

நாசியா பாகிஸ்தானின் கராச்சி நகரில் பிறந்தார். தந்தை பசீர் ஹசன் ஒரு வணிகர். தாய் முனீசா பசீர் சமூகப் பணிகளில் ஈடுபாடு கொண்டவர். சொஹேப் என்ற தம்பியும் சாரா என்ற தங்கையும் இவருக்கு உண்டு. குடும்பத்தினர் கராச்சியிலும் இலண்டனிலும் மாறி மாறி வசித்ததால், நாசியாவின் இளமைப் பருவம் இவ்விரு நகரங்களிலும் கழிந்தது. வீட்டில் உருது மொழியும் பள்ளியில் ஆங்கிலமும் என இரு மொழிச் சூழலில் வளர்ந்தார். வானொலியில் கேட்ட மேற்கத்தியப் பாடல்களும் வீட்டில் கேட்ட உருதுப் பாடல்களும் ஒருங்கே அவருக்குப் பழக்கமாயின.

1970 களில் பாகிஸ்தான் தொலைக்காட்சியில் இசையமைப்பாளர் சொஹைல் ரானா நடத்திய சிறுவர் இசை நிகழ்ச்சிகளில் நாசியாவும் சொஹேப்பும் பங்கேற்றுப் பாடினர். சொஹைல் ரானா, 1966 இல் வெளிவந்த அர்மான் என்னும் பாகிஸ்தானியத் திரைப்படத்தின் இசையமைப்பாளர். அப்படத்தில் அகமது ருஷ்தி பாடிய ஒரு பாடலைத் துணைக்கண்டத்தின் தொடக்ககாலப் பாப் பாடல்களுள் ஒன்றாகக் குறிப்பிடுவர். சிறுவர்களுக்கு மெட்டும் தாளமும் கற்றுத்தந்து, ஒளிப்படக்கருவியின் முன் அச்சமின்றிப் பாடவைத்த இந்நிகழ்ச்சிகளே நாசியாவின் முதல் இசைப் பயிற்சிக்களம் எனலாம். முறையான செவ்வியல் இசைப் பயிற்சியில் அவர் நெடுங்காலம் ஈடுபட்டதில்லை. இது பின்னாளில் அவரது குறையாகவும் தனித்தன்மையாகவும் ஒருசேரப் பேசப்பட்டது.

அக்காலத்து இசைச் சூழல்

நாசியாவின் வெற்றியைப் புரிந்துகொள்ள, 1980 ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவில் இசைத்தட்டு வணிகம் இருந்த நிலையை அறிதல் வேண்டும். அன்று விற்ற இசைத்தட்டுகளுள் மிகப் பெரும்பகுதி திரைப்படப் பாடல்களே. பக்திப் பாடல்கள், செவ்வியல் இசை, கசல் ஆகியவை எஞ்சிய இடத்தைப் பகிர்ந்துகொண்டன. ஒரு பாடகர் திரைப்படத்தின் துணையின்றித் தம் பெயரிலேயே புதுப் பாடல்களை வெளியிட்டுப் பரவலாக விற்பது அரிதாகவே நிகழ்ந்தது.

எனினும் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப், 1969 இல் சென்னை மவுண்ட் சாலையிலிருந்த நைன் ஜெம்ஸ் இரவு விடுதியில் பட்டுப்புடவை உடுத்தி ஆங்கிலப் பாடல்களைப் பாடித் தம் இசைவாழ்வைத் தொடங்கினார். இலங்கையில் 1970 களில் தமிழ்ப் பாப் இசை ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் ஆகியோர் பைலா இசையின் துள்ளலைத் தமிழ்ச் சொற்களுடன் கலந்து பாடினர். மனோகரனின் சுராங்கனி பாடல் கடல் கடந்து தமிழ்நாட்டிலும் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒரு மொழிக்குள்ளோ, ஒரு நகரத்துக்குள்ளோ பெரிதும் அடங்கியிருந்தன.

மேற்கில் டிஸ்கோ இசை 1977 இல் வெளிவந்த சாட்டர்டே நைட் ஃபீவர் திரைப்படத்தால் உச்சத்தை எட்டியது. 1979 ஆம் ஆண்டு சூலை 12 அன்று சிகாகோ நகரின் விளையாட்டரங்கு ஒன்றில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்க்கும் அளவுக்கு அமெரிக்காவில் அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. அமெரிக்காவில் டிஸ்கோ சரியத் தொடங்கிய அதே வேளையில்தான் இந்தியாவில் அது தலையெடுத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

குர்பானி

இந்தி நடிகரும் இயக்குநருமான பெரோஸ் கான், தாம் தயாரித்து இயக்கி நடித்த குர்பானி திரைப்படத்துக்குப் புதுமையான பாடல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். படத்தின் முதன்மை இசையமைப்பாளர்கள் கல்யாண்ஜி-ஆனந்த்ஜி இரட்டையர். இலண்டனில் நண்பர்கள் கூடிய ஒரு விருந்தில் நாசியாவைச் சந்தித்த பெரோஸ் கான், அவரது குரலைக் கேட்டு, இலண்டனில் வசித்த இசைத் தயாரிப்பாளர் பிட்டுவிடம் குரல் தேர்வுக்குச் செல்லுமாறு கூறினார். அவ்வாறே நாசியா தேர்வு செய்யப்பட்டார். கவிஞர் இந்தீவர் எழுதிய ஆப் ஜைசா கோயி என்னும் பாடல் இலண்டனிலேயே பதிவு செய்யப்பட்டது. படத்தில் இப்பாடலுக்கு ஜீனத் அமன் நடித்தார்.

குர்பானி 1980 சூன் மாதம் திரைக்கு வந்து அவ்வாண்டின் மாபெரும் வெற்றிப் படங்களுள் ஒன்றானது. இப்பாடலுக்காக 1981 இல் நாசியாவுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான பிலிம்பேர் விருது வழங்கப்பட்டது. அந்நாள் வரை இவ்விருதைப் பெற்றவர்களுள் மிக இளையவர் இவரே. பாகிஸ்தானியர் ஒருவர் இவ்விருதைப் பெற்றதும் அதுவே முதல் முறை. அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே லதா மங்கேஷ்கரும், 1979 விருதுக்குப் பின் ஆஷா போஸ்லேயும், புதியவர்களுக்கு வழிவிடும் பொருட்டுத் தங்களை இவ்விருதுக்குக் கருத வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்கள் விட்டுக்கொடுத்த இடத்தில் பள்ளி செல்லும் வயதுச் சிறுமி ஒருத்தி வந்து நின்றார்.

1965 ஆம் ஆண்டுப் போருக்குப் பின் பாகிஸ்தானின் திரையரங்குகளில் இந்தியத் திரைப்படங்கள் தடை செய்யப்பட்டிருந்தன. 1971 இல் மீண்டும் ஒரு போர் நிகழ்ந்திருந்தது. இத்தகைய சூழலில் கராச்சியில் பிறந்த ஒருவரின் குரல் இந்தித் திரைப்படத்தில் ஒலித்ததும், அதனை இந்திய இரசிகர்கள் தயக்கமின்றி ஏற்றதும் சாதாரண நிகழ்வன்று.

தமிழில் இப்படம் விடுதலை என்ற பெயரில் 1986 இல் மீண்டும் தயாரிக்கப்பட்டது. சிவாஜி கணேசன், ரஜினிகாந்த், விஷ்ணுவர்தன் ஆகியோர் நடித்த இப்படத்தை கே. விஜயன் இயக்கினார். இசையமைப்பாளர் சந்திரபோஸ்.

பிட்டு

நாசியாவின் இசைவாழ்வில் பிட்டு அப்பையாவின் பங்கு பெரிது. பெங்களூரில் குடகுக் குடும்பமொன்றில் பிறந்த பிட்டு, இளமையில் டிரோஜன்ஸ் என்ற இசைக்குழுவில் கித்தார் வாசித்தார். பெங்களூர், மும்பை, கல்கத்தா விடுதிகளில் பாடிய பின், 1960 களின் பிற்பகுதியில் மேற்காசியா வழியாக இங்கிலாந்து சென்று சேர்ந்தார். அங்கு கிடைத்த சிறு வேலைகளைச் செய்தபடியே இசைத்துறையில் இடம்பிடிக்க முயன்றார்.

1974 இல் கார்ல் டக்ளஸ் பாடி, பிட்டு தயாரித்த குங் ஃபூ ஃபைட்டிங் பாடல் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. இசைத்தட்டின் பின்பக்கத்தை நிரப்புவதற்காக அவசரமாகப் பதிவு செய்யப்பட்ட பாடல் அது. 1976 இல் டீனா சார்லஸ் பாடிய மற்றொரு பாடலும் பிரித்தானியாவில் முதலிடம் பெற்றது. இவ்வாறு மேற்கின் டிஸ்கோ இசை உருவான கூடங்களிலேயே தொழில் கற்ற ஒருவர் இந்திக்கு இசையமைத்தது, பிறர் கேட்டு நகலெடுத்த டிஸ்கோவிலிருந்து நாசியாவின் பாடல்களை வேறுபடுத்தியது.

டிஸ்கோ தீவானே உருவாக்கம்

குர்பானி பாடலின் வெற்றியைக் கண்ட பிட்டு, திரைப்படத்தைச் சாராத முழு இசைத்தொகுப்பு ஒன்றை நாசியாவைக் கொண்டு உருவாக்க முனைந்தார். நாசியா தம் தம்பி சொஹேப்பையும் உடன் சேர்த்துக்கொண்டார். 1966 நவம்பரில் பிறந்த சொஹேப் அப்போது பதின்ம வயதின் தொடக்கத்தில் இருந்தார். அவர் பாடியதுடன் மெட்டமைப்பிலும் பங்கு கொண்டார். தொகுப்பின் பெயரான டிஸ்கோ தீவானே என்பதற்கு டிஸ்கோ பித்தர்கள் என்று பொருள் கொள்ளலாம்.

பதிவு இலண்டனில் நடைபெற்றது. பாடல் பதிவின் முறையே இத்தொகுப்பின் ஓசைக்கு அடிப்படை என்பதால் அதனைச் சற்று விரிவாக நோக்கலாம். அக்காலத்தில் மும்பை, சென்னை நகரங்களின் திரையிசைக் கூடங்களில் பாடகரும் வாத்தியக் குழுவினரும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் பாடி வாசிக்க, அது சில தடங்களில் பதிவானது. எவரேனும் ஒருவர் பிழை செய்தாலும் எல்லோரும் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். வயலின் வாசிப்போர் பலர் ஒரே அறையில் அமர்ந்திருக்க, தாளக் கருவிகளின் ஒலி அதற்கு இடையில் அமிழ்ந்துபோவதும் உண்டு.

பிட்டு பயன்படுத்திய 24 தடப் பதிவு முறையில், ஒரே ஒலிநாடாவில் 24 தனித்தனித் தடங்கள் அமைந்திருக்கும். முரசு ஒரு தடத்தில், அடித்தொனிக் கித்தார் மற்றொரு தடத்தில், மின்னணு விசைப்பலகை வேறொரு தடத்தில் எனத் தனித்தனியே பதிவு செய்து, பின்னர் ஒவ்வொன்றின் அளவையும் கூட்டிக் குறைத்துக் கலக்கலாம். டிஸ்கோ இசையின் உயிர்நிலை அதன் தாளம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 தட்டுகள் வீதம் ஒவ்வொரு தட்டிலும் பெருமுரசு சீராக ஒலிக்க வேண்டும். அந்த முரசையும் அடித்தொனிக் கித்தாரையும் முன்னிறுத்தி, மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ள இம்முறை இடமளித்தது. கேட்பவரின் உடல் தானாக அசைவதற்கு இதுவே காரணம்.

குரலிலும் இதே நுட்பம் கையாளப்பட்டது. நாசியாவின் குரல் மெல்லியது. சற்று மூக்கொலி கலந்தது. லதா, ஆஷா ஆகியோரின் குரல்களைப் போல மூன்று தாயிகளிலும் தடையின்றி உலவக்கூடியதன்று. அவரை ஒரே வரியை இருமுறை பாடவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எதிரொலி போன்ற நிறைவைப் பிட்டு வரவழைத்தார். ஆப் ஜைசா கோயி பாடலில் கேட்கும் எதிரொலி இவ்வாறு பெறப்பட்டதே. மெட்டுகளும் இக்குரலின் எல்லைக்குள் அடங்குமாறு, குறைந்த சுரங்களில், எளிதில் திரும்பப் பாடக்கூடிய வகையில் அமைந்தன. கமகங்களும் நீண்ட ஆலாபனைகளும் தவிர்க்கப்பட்டன. வலிமையற்ற குரல் என்று ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய ஒன்று, பக்கத்து வீட்டுச் சிறுமி பாடுவது போன்ற நெருக்கத்தைத் தந்தது.

தொகுப்பில் பத்து இசைத்துணுக்குகள் இருந்தன. தலைப்புப் பாடல், ஆவோ நா, லேகின் மேரா தில், தில் மேரா, கோமல் ஆகியவை இவற்றுள் அடங்கும். தலைப்புப் பாடலின் வாத்திய வடிவமும் சேர்க்கப்பட்டிருந்தது. துள்ளலான டிஸ்கோ பாடல்களுடன் மெதுவான, கசல் சாயல் கொண்ட பாடல்களும் இடம்பெற்றன. பாடல்களின் மொழி எளிமையான உருது. அன்றாடப் பேச்சில் இந்திக்கும் உருதுவுக்கும் வேறுபாடு மிகக் குறைவாதலால், எல்லையின் இருபுறமும் அது தத்தம் மொழியாகவே கேட்கப்பட்டது.

வரவேற்பு

இந்தியாவில் எச். எம். வி. என்று பரவலாக அறியப்பட்ட இந்திய கிராமபோன் நிறுவனம் 1981 இல் டிஸ்கோ தீவானே தொகுப்பை வெளியிட்டது. வெளியான சில வாரங்களுக்குள்ளேயே நிறுவனமே எதிர்பாராத அளவுக்கு விற்பனையானது. திரைப்படமல்லாத ஒரு பாப் தொகுப்பு இத்தகைய விற்பனையை இந்தியாவில் எட்டியது அதுவே முதல் முறை என்பர். தென் அமெரிக்க நாடுகள், குறிப்பாகப் பிரேசில் வரை இப்பாடல்கள் சென்றடைந்ததாகக் குறிப்பிடப்படுகிறது. தலைப்புப் பாடலின் ஆங்கில வடிவமும் பின்னர் வெளியிடப்பட்டது.

மொத்த விற்பனை குறித்துப் பல்வேறு எண்ணிக்கைகள் கூறப்படுகின்றன. சில கட்டுரைகள் 85 இலட்சம் வரை குறிப்பிடுகின்றன. இத்தகைய எண்ணிக்கைகளை எச்சரிக்கையுடனேயே அணுக வேண்டும். 1980 களின் தொடக்கம் ஒலிநாடாப் பேழைகள் துணைக்கண்டத்தில் வேகமாகப் பரவிய காலம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றோர் ஊர் திரும்பும்போது ஒலிநாடாக் கருவிகளைக் கொண்டுவந்தனர். தெருவோரக் கடைகளில் வெற்று நாடாவில் விரும்பிய பாடல்களைப் பதிந்து தரும் தொழில் பெருகியது. உரிமமின்றிப் பதியப்பட்ட நாடாக்கள் சந்தையின் பெரும்பகுதியைப் பிடித்திருந்தன. ஆகவே நிறுவனக் கணக்கில் வந்த எண்ணிக்கையைக் காட்டிலும் மக்கள் கேட்ட நாடாக்களின் எண்ணிக்கை பன்மடங்கு அதிகமாக இருந்திருக்க வேண்டும். அந்நாடாக்களால் பாடியவர்களுக்கு வருவாய் எதுவும் கிட்டவில்லை. புகழுக்கும் வருவாய்க்கும் இடையிலான இவ்விடைவெளி அக்காலத்துத் துணைக்கண்டக் கலைஞர்கள் பலருக்கும் பொதுவானது.

தொகுப்பு எல்லோராலும் பாராட்டப்படவில்லை. இசைப் பயிற்சி போதாத குரல் என்றும், பாடல் வரிகளில் ஆழமில்லை என்றும், கருவிகளின் ஓசையே பாடலைத் தாங்குகிறது என்றும் குறை கூறப்பட்டது. இசை பிட்டுவினுடையது, நாசியா குரல் மட்டுமே தந்தார் என்ற கருத்தும் உண்டு. எனினும் அதே காலத்தில் டிஸ்கோ தாளத்தில் வெளிவந்த இந்திப் பாடல்கள் பல. 1980 இல் வெளியான கர்ஸ் திரைப்படத்தில் இலட்சுமிகாந்த்-பியாரேலால் இரட்டையரும், பியாரா துஷ்மன் திரைப்படத்தில் உஷா உதுப்பைப் பாடவைத்து பப்பி லாஹிரியும் இப்பாணியைக் கையாண்டனர். 1982 இல் பப்பி லாஹிரியின் இசையில் வந்த டிஸ்கோ டான்சர் சோவியத் ஒன்றியம் வரை புகழ்பெற்றது. இத்தனை பாடல்களுக்கிடையே நாசியாவின் பாடல்கள் தனித்து நினைவுகூரப்படுவதற்கு அவரது குரலின் அலட்டலற்ற தன்மையும் ஒரு காரணம் என்பதை மறுக்க இயலாது. திரைப்படங்களில் டிஸ்கோ பெரும்பாலும் இரவு விடுதி, வில்லன், கவர்ச்சி நடனம் ஆகியவற்றுடன் பிணைக்கப்பட்டிருந்தது. நாசியாவின் தொகுப்போ ஒரு சகோதரியும் சகோதரனும் சேர்ந்து பாடியது. அதனைக் குடும்பத்துடன் வீட்டில் கேட்கப் பெற்றோர் தயங்கவில்லை.

பாகிஸ்தானில்

பாகிஸ்தானில் 1977 இல் ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி சியா உல் ஹக் இசுலாமியமயமாக்கல் கொள்கையைச் செயற்படுத்திவந்த காலம் அது. அரசுத் தொலைக்காட்சியில் தோன்றும் பெண்கள் தலையை மறைக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பொது இடங்களில் ஆடலுக்கும் பாடலுக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. இத்தகைய சூழலில் மேற்கத்திய உடையில் பாடிய ஓர் இளம் பெண் நாடு முழுவதும் விரும்பப்பட்டது ஆட்சியாளருக்கு உவப்பான செய்தியாக இருந்திருக்க முடியாது. தொலைக்காட்சியில் இவர்கள் பாடியபோது கால்களின் அசைவு தெரியாதவாறு இடுப்புக்கு மேல் மட்டுமே காட்டப்பட்டதாகக் கூறப்படுகிறது. எனினும் ஒலிநாடாவை எந்த அரசாலும் எளிதில் தடுக்க இயலவில்லை. வானொலியும் தொலைக்காட்சியும் அரசின் கையில் இருந்தபோது, நாடாக் கருவி மட்டும் இரசிகரின் கையில் இருந்தது.

பின்னாளைய இசைத்தொகுப்புகள்

1982 இல் வினோத் பாண்டே இயக்கத்தில் குமார் கௌரவ், ரதி அக்னிகோத்ரி நடித்த ஸ்டார் என்னும் இந்தித் திரைப்படத்துக்குப் பிட்டு இசையமைத்தார். இதன் பாடல்களை நாசியாவும் சொஹேப்பும் பாடினர். பூம் பூம் என்ற பெயரிலும் அறியப்படும் இத்தொகுப்பு இவர்களது இரண்டாவது தொகுப்பாகக் கணக்கிடப்படுகிறது. படம் தோல்வியுற்ற போதிலும் பாடல்கள் வெற்றி பெற்றன. தலைப்புப் பாடலுக்காக நாசியா மீண்டும் பிலிம்பேர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

1984 இல் யங் தரங் வெளியானது. பாடல்களுக்கு இலண்டனில் தனியே காணொளிகள் படமாக்கப்பட்டன. அமெரிக்காவில் எம். டிவி 1981 இல்தான் தொடங்கப்பட்டிருந்தது என்பதை நோக்கும்போது, பாகிஸ்தானிய இசையில் இது மிக முற்பட்ட முயற்சியாகும். நான்காவது தொகுப்பான ஹாட்லைன் 1987 இல் வெளியானது.

1989 இல் நாசியாவும் சொஹேப்பும் பாகிஸ்தான் தொலைக்காட்சியில் மியூசிக் 89 என்ற இசை நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினர். இதனை சோயப் மன்சூர் இயக்கினார். சியா உல் ஹக் 1988 இல் விமான விபத்தில் இறந்து, பெனசீர் பூட்டோ பிரதமராகியிருந்த காலம் அது. வைட்டல் சைன்ஸ் முதலிய இளம் குழுக்கள் இந்நிகழ்ச்சியில் பாடின. மத அமைப்புகள் சிலவற்றின் கடும் எதிர்ப்பையும் இது சந்தித்தது. பாகிஸ்தானின் அடுத்த தலைமுறைப் பாப் இசைக்கலைஞர்கள் ஒரே மேடையில் தோன்ற இந்நிகழ்ச்சி வழிவகுத்தது.

இறுதித் தொகுப்பான கேமரா கேமரா 1992 இல் வெளியானது. இது போதைப்பொருளுக்கு எதிரான பரப்புரையுடன் இணைத்து வெளியிடப்பட்டது. முந்தைய தொகுப்புகளின் அளவுக்கு இது வரவேற்பைப் பெறவில்லை. இதன் பின்னர் நாசியா பாடுவதிலிருந்து விலகினார்.

1995 இல் பிட்டுவின் இசையில் அலிஷா சினாய் பாடி வெளிவந்த மேட் இன் இந்தியா தொகுப்பு இந்தியப் பாப் இசையின் மாபெரும் வெற்றிகளுள் ஒன்று. அதன் தலைப்புப் பாடலைப் பாடும் வாய்ப்பு முதலில் நாசியாவுக்கே வந்ததாகவும், இந்தியாவைப் போற்றும் பாடலைப் பாடினால் பாகிஸ்தான் மக்களின் மனம் புண்படக்கூடும் என எண்ணி அவர் மறுத்ததாகவும் கூறுவர். இரு நாடுகளின் அன்பையும் பெற்றவர் எதிர்கொண்ட இக்கட்டை இந்நிகழ்வு காட்டுகிறது.

கல்வியும் பணியும்

புகழின் உச்சியில் இருந்தபோதும் நாசியா படிப்பைக் கைவிடவில்லை. இசைத்தொகுப்புகளுக்கு இடையே இரண்டு, மூன்று ஆண்டுகள் இடைவெளி விழுந்ததற்கு அவரது கல்வியும் ஒரு காரணமாகும். இலண்டனிலுள்ள ரிச்மண்ட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும் பொருளியலும் பயின்றார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். 1990 களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் அவையின் அரசியல், பாதுகாப்பு அவை விவகாரங்களுக்கான துறையில் பணியாற்றினார்.

பாடகர் தொழிலை வாழ்நாள் முழுமைக்குமான வாழ்வாதாரமாக அவர் கொள்ளவில்லை. தொடர்ந்து மேடைக் கச்சேரிகள் செய்வதிலும், திரைப்படங்களுக்குப் பின்னணி பாடுவதிலும் ஆர்வம் காட்டவில்லை. இதனாலேயே அவர் விட்டுச்சென்ற பாடல்களின் எண்ணிக்கை அவரது புகழுடன் ஒப்பிடுகையில் மிகக் குறைவு.

சமூகப் பணிகள்

போதைப்பொருள் பழக்கம் 1980 களில் பாகிஸ்தானின் பெருஞ்சிக்கலாக உருவெடுத்தது. அண்டை நாடான ஆப்கானித்தானில் நிகழ்ந்த போரை ஒட்டி எராயின் புழக்கம் கராச்சி போன்ற நகரங்களில் பன்மடங்கு பெருகியது. இதற்கு எதிராக நாசியாவும் சொஹேப்பும் பான் என்ற அமைப்பை நிறுவி, இளைஞர்களிடையே விழிப்புணர்வு ஊட்ட முயன்றனர். கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் வாழும் குழந்தைகளின் நலனுக்காகவும் நாசியா நிதி திரட்டினார். பாடகியாகத் தமக்குக் கிடைத்த அறிமுகத்தை அவர் இத்தகைய பணிகளுக்கே பெரிதும் பயன்படுத்தினார்.

திருமணமும் மறைவும்

நாசியா 1995 இல் கராச்சியைச் சேர்ந்த தொழிலதிபர் ஒருவரை மணந்தார். இவர்களுக்கு 1997 இல் ஒரு மகன் பிறந்தான். இத்திருமணம் நிலைக்கவில்லை. நாசியாவின் மறைவுக்குச் சிறிது காலம் முன்னர் மணமுறிவு ஏற்பட்டது.

இக்காலப்பகுதியில் அவர் நுரையீரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டு இலண்டனில் சிகிச்சை பெற்றுவந்தார். நோய் முற்றிய நிலையில், 2000 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று இலண்டனில் காலமானார். மகனுக்கு அப்போது மூன்று வயது. அவரது உடல் இலண்டனின் ஹெண்டன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் அவரது மறைவுச் செய்தியைக் கேட்டோரில் பலர், தங்கள் பள்ளிப் பருவத்துப் பாடகி அத்தனை இளையவர் என்பதையே அப்போதுதான் உணர்ந்தனர் எனலாம்.

தாக்கம்

பாகிஸ்தானியப் பாப் இசையின் தொடக்கம் நாசியாவிடமிருந்தே கணக்கிடப்படுகிறது. 1980 களின் பிற்பகுதியில் தோன்றிய வைட்டல் சைன்ஸ் முதலிய குழுக்களுக்கு, உருது மொழியில் பாப் இசை பாடி மக்களைச் சென்றடைய முடியும் என்பதற்கான சான்றாக டிஸ்கோ தீவானே இருந்தது. இந்தியாவில் 1990 களில் இந்திப்பாப் என்ற பெயரில் எழுந்த அலைக்கும் இத்தொகுப்பே முன்னோடி. பாடகரின் பெயரையும் முகத்தையும் அட்டையில் தாங்கி, திரைப்படத்தின் துணையின்றி விற்கும் இசைத்தொகுப்பு என்ற வடிவத்தை இது இந்திய இசைத்தட்டு நிறுவனங்களுக்குப் பழக்கியது.

நாசியாவின் பாடல்கள் பலமுறை மீட்டெடுக்கப்பட்டுள்ளன. 2012 இல் வெளிவந்த ஸ்டூடண்ட் ஆஃப் த இயர் என்னும் இந்தித் திரைப்படத்தில் டிஸ்கோ தீவானே பாடல் விஷால்-சேகர் இரட்டையரால் புதிய வடிவில் பயன்படுத்தப்பட்டது. ஆப் ஜைசா கோயி பாடலின் புதிய வடிவம் 2022 இல் வெளியான ஆன் ஆக்சன் ஹீரோ திரைப்படத்தில் இடம்பெற்றது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இப்பாடல்களின் மெட்டு மாற்றமின்றியே எடுத்தாளப்படுவது, அவற்றின் எளிமைக்குக் கிடைத்த சான்றாகும்.

2002 இல் பாகிஸ்தான் அரசு நாசியாவின் மறைவுக்குப் பின் அவருக்குப் பிரைட் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ் விருதை வழங்கியது. 2003 இல் அவரது பெற்றோர் நாசியா ஹசன் அறக்கட்டளையை நிறுவினர். 2018 ஏப்ரல் 3 அன்று, அவரது 53 ஆவது பிறந்தநாளை முன்னிட்டு, கூகிள் தேடுபொறி தன் முகப்பில் அவரது ஓவியத்தை வெளியிட்டுச் சிறப்பித்தது.

இசைத்தொகுப்புகள்

- டிஸ்கோ தீவானே (1981)
- ஸ்டார் / பூம் பூம் (1982)
- யங் தரங் (1984)
- ஹாட்லைன் (1987)
- கேமரா கேமரா (1992)

விருதுகள்

- சிறந்த பின்னணிப் பாடகிக்கான பிலிம்பேர் விருது, குர்பானி (1981)
- பிரைட் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ், பாகிஸ்தான் அரசு (2002, மறைவுக்குப் பின்)